மணிமாலையின் விலையில் கூலி எங்கே?

புத்தலப்பட்டிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அடியார் கூட்டம் ஓய்வதில்லை. காணிப்பாக்கத்துப் பிள்ளையாரை வணங்கி, ஏழுமலையானைக் காணச் செல்வோர் வழியில் விரும்பி வாங்கும் சிறு பொருள்களுள் கண்ணாடி மணிமாலையும் ஒன்று. பேச்சு வழக்கில் டாலர் எனப்படும் பதக்கம் நடுவில் தொங்க, இருபுறமும் நிறம் மாற்றிப் பாசி கோத்த மாலையை வீட்டிலேயே செய்து விற்கும் மகளிர் இப்பகுதியில் உண்டு. சேமிப்புக் கணக்கும் குழுக்கடனும் கொண்ட நம் வாடிக்கையாளர்கள் அவர்கள். தம் மாலைக்கு அவர்கள் இடும் விலை தவறானது என்பது நமது கருத்து. மிகுதி என்பதால் அன்று, குறைவு என்பதால்.

“வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்தது. பாசிக்குக் கொடுத்த காசுக்கு மேல் எது வந்தாலும் இலாபம்தானே” என்னும் பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். பொருளின் விலையும் உழைப்பின் கூலியும் சேர்ந்ததே அடக்கவிலை என்பது வணிகவியல் பயில்வோர் முதலில் கற்கும் பாடம். சும்மா இருக்கும் நேரம் என்று ஒன்று குடும்பப் பெண்ணுக்கு உண்டா என்பது வேறு கேள்வி. அதை இப்போது எடுத்தால் கட்டுரை நீண்டுவிடும்.

ஒரு மாலை எவ்வாறு உருவாகிறது என்று பார்ப்போம். கழுத்தடியில் நின்று பதக்கம் நன்கு தெரிய 18 அங்குல நீளம் பொருத்தமானது. அது ஏறத்தாழ 457 மில்லிமீட்டர். கொக்கிக்கும் வளையத்திற்கும் 25 மில்லிமீட்டர் விட்டால், 6 மில்லிமீட்டர் மணிகள் 72 தேவை. பதக்கத்தின் இருபுறமும் 36. கோக்கும் முன் அவற்றை ஒரு துண்டின் மடிப்பில் வரிசையாக அடுக்க வேண்டும். அப்போதுதான் ஓட்டை சாய்ந்தவையும் ஓரம் உடைந்தவையும் நிறம் வெளிறியவையும் கண்ணில் படும். பருத்தி நூலில் கோப்பது எளிது. ஆனால் கண்ணாடியின் கூரிய விளிம்பு அதனைச் சில மாதங்களில் அறுத்துவிடும். ஆகவே கியர் வயர் எனக் கடைகளில் விற்கும் பூச்சிட்ட மெல்லிய கம்பியே ஏற்றது. முதலில் பதக்கத்தை நடுவில் நுழைத்து, அங்கிருந்து இருபுறமும் சமமாகக் கோத்துச் செல்ல வேண்டும். ஒரு முனையிலிருந்து தொடங்கினால் பதக்கம் ஒருபக்கம் ஒதுங்கக்கூடும். முனைகளில் கியர் லாக் இட்டு, கம்பியைக் கொக்கியில் வளைத்து மீண்டும் அதன் வழியே செலுத்தி, குறட்டால் அழுத்தி, மிஞ்சிய முனையை இரண்டு மூன்று மணிகளுக்குள் மறைத்துவிட வேண்டும். இழுத்து இறுக்கினால் மாலை விறைத்து நிற்கும். தளர்த்தினால் மணிகளுக்கிடையே கம்பி பல்லிளிக்கும். அந்த அளவைக் கை பழகித்தான் அறிய வேண்டும். அடுக்குவது, கோப்பது, பிடிக்காமல் பிரிப்பது, மறுபடி கோப்பது என்று மூன்று மணி நேரம் ஓடிவிடும்.

இனிக் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டாக, மணி, பதக்கம், கம்பி, கொக்கி எல்லாம் சேர்ந்து 120 ரூபாய் என்றும், மாலை 200 ரூபாய்க்கு விலைபோகிறது என்றும் கொள்வோம். எண்பது ரூபாய் இலாபம் என்று தோன்றும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆந்திரத்திற்கு 2024-25இல் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 300 ரூபாய். அதனை எட்டு மணி நேரத்திற்குப் பங்கிட்டால் மணிக்கு 37 ரூபாய் 50 காசு. மூன்று மணி நேரத்திற்கு 112 ரூபாய் 50 காசு. மாலையின் உண்மையான அடக்கம் 232 ரூபாய் 50 காசு. ஒவ்வொரு மாலைக்கும் 32 ரூபாய் 50 காசைச் செய்தவரே வாங்குபவருக்குத் தள்ளுபடியாக அளிக்கிறார், அறியாமலேயே. பேருந்துக் கட்டணமும் அட்டைப்பெட்டியும் இன்னும் கணக்கில் வரவில்லை.

மணித்தொழில் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. திருப்பதிக்கு அப்பால், ஏர்ப்பேட்டை அடுத்த பாப்பாநாயுடுபேட்டை, பழைய முறையில் கண்ணாடி மணி வார்த்த ஊராக உலக ஆய்வாளரிடையே பெயர் பெற்றது. உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் முனையில் கூம்பாகத் திரட்டி உலையில் வைத்து, நடுவில் துளை விழச் செய்து, மறுபுறமிருந்து மெல்லிய குழலாகக் கையாலேயே இழுப்பர். அக்குழல்களைத் துண்டு துண்டாக நறுக்கி, துளை அடைபடாதிருக்கச் சாம்பல் சேர்த்து, மீண்டும் சூடேற்றி ஓரங்களை மழுக்குவர். ஆப்பிரிக்கக் கடற்கரை தொட்டுக் கிழக்காசியா வரை அகழ்வுகளில் கிடைக்கும் இவ்வகை மணிகளுக்கு ‘இந்தோ பசிபிக் மணி’ எனப் பெயரிட்டவர் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டை அவர் இம்மணிகளின் தொன்மையான உற்பத்தியிடமாகக் கொண்டார். உலையருகே நிற்பவருக்குக் கூலி உண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. அதே மணியை வீட்டுத் திண்ணையில் கோப்பவருக்கு மட்டும் அது ஏன் இல்லாமற்போகிறது?

“நடைபாதையில் நூறு ரூபாய்க்கு மாலை கிடைக்கும்போது எங்களிடம் யார் வாங்குவர்?” என்னும் மறுப்பு நியாயமானதே. எந்திரத்தில் குவியலாகச் செய்த பொருளோடு விலையில் மோதுவது வீண். கையால் செய்தவரிடம் எந்திரத்திடம் இல்லாதவை சில உண்டு: கழுத்தின் அளவுக்கு நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், புடவையின் நிறம் பார்த்து மணி மாற்றலாம், அறுந்தால் மீண்டும் கோத்துத் தரலாம். அறுந்த மாலையைக் கோத்துத் தருவதற்குத் தனிக் கட்டணம் வாங்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதேயில்லை. நேரத்தையும் குறைக்க முடியும். பத்து மாலைக்கான கம்பியை ஒரே அமர்வில் வெட்டி, மணிகளை முன்னரே தரம் பிரித்து வைத்தால் மூன்று மணி நேரம் இரண்டாகும். கூலி 75 ரூபாயாகவும் அடக்கம் 195 ரூபாயாகவும் இறங்கும். அந்நிலையில் 260 ரூபாய் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

வங்கி அலுவலரான நாமே கடனைப் பற்றி எச்சரிப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் பிணையின்றி 50,000 ரூபாய் வரை பெறலாம். அத்தொகை முழுவதையும் மணியாக வாங்கினால் ஏறத்தாழ 416 மாலைக்குப் பொருள் சேரும். மூன்று மணி நேரக் கணக்கில் 1,250 மணி நேர வேலை. நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் 312 நாள். மணி பெட்டியில் உறங்கும். தவணையோ மாதந்தோறும் வரும். மாலை கூலியைத் தராத நிலையில் அத்தவணை பால் விற்ற பணத்திலிருந்தோ கணவரின் சம்பளத்திலிருந்தோதான் போகும். 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களோடு சோதனையாகத் தொடங்கிய சுய உதவிக் குழு வங்கி இணைப்பின் பயனாகக் குழுவுக்குள்ளேயே சிறு கடன் பெறும் வழி இன்று உள்ளது. ஐயாயிரம் ரூபாய்க்கு நாற்பது மாலைக்குமேல் பொருள் கிடைக்கும். முதலில் அவை விற்கட்டும்.

பெரிய கடன் கேட்டு வருமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு மாலைக்கும் ஆன பொருள், நேரம், விற்ற விலை ஆகிய மூன்றையும் மூன்று மாதம் எழுதி வருமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கிளை அலுவலர்களும் விண்ணப்பத்தில் ‘மாத வருமானம்’ என்னும் இடத்தை நிரப்புமுன் அந்த நேரக் கணக்கைப் பார்க்க வேண்டும்.