வேர்க்குதா... வெயிலா, வேற ஏதாவதா?

ஊருக்குப் போயிட்டு ரயில்ல சென்னை திரும்புற எல்லாருக்கும் பேசின் பிரிட்ஜ் தெரியும். இறங்கி இல்லை பாஸ், நின்னு! லக்கேஜை எல்லாம் கதவுகிட்ட இழுத்து வெச்சு, செருப்பை மாட்டிக்கிட்டு, 'இதோ வந்துட்டோம்'னு வீட்டுக்கு போன் பண்ணி முடிச்ச செகண்ட்ல வண்டி நிக்கும். சென்ட்ரல் கூப்பிடு தூரம். ஆனா, சிக்னல் விழாது. அப்போ ஜன்னல் வழியா எங்களைப் பரிதாபமா பார்ப்பீங்க. நாங்களும் உங்களை அப்படித்தான் பார்ப்போம்!

சம்மர் லீவுன்னா உங்களுக்கு ஊட்டி, கொடைக்கானல், பாட்டி வீடு. எங்களுக்குத் தண்டவாளத்தை ஒட்டின காலி இடத்துல கிரிக்கெட், வெயில் ஏறினா கேரம். (கேரம்னா சும்மா இல்லை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஜெயிச்சு வந்த காசிமா எங்க வடசென்னைப் பொண்ணு!) அந்தப் பக்கம் காசிமேட்டில் ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். மொத்தம் 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில. வஞ்சிரம் விலை வானத்துல. ஆக, எங்க ஏரியாவுல லீவு பசங்களுக்கு மட்டுமில்லை, நிறைய அப்பாக்களுக்கும்தான்.

லீவுல கையில எப்பவும் செல்போன் இருக்கிறதால, யாராவது பிரபலம் திடீர்னு இறந்துட்டா முதல்ல ஸ்டேட்டஸ் போடுறதும் நாமதான். 2021 ஏப்ரல் 17 ஞாபகம் இருக்கா? விவேக். 59 வயசு. அன்னிக்கு வாட்ஸ்அப்ல இருந்த அத்தனை பேரும் டாக்டர்! தடுப்பூசியாலதான்னு ஒரு கோஷ்டி, மனக்கவலையாலன்னு இன்னொரு கோஷ்டி. இதயத்துக்குப் போற முக்கியமான ரத்தக்குழாய் அடைச்சிருந்ததுன்னு ஆஸ்பத்திரியில சொன்னது யார் காதுலயும் ஏறலை.

அதே வருஷம் அக்டோபர் 29, புனீத் ராஜ்குமார். 46 வயசுதான். உடம்பை அப்படிப் பார்த்துக்கிட்டவர். பெங்களூர்ல இதய ஆஸ்பத்திரி வாசல்ல செக்கப்புக்குக் கூட்டம் அலைமோதிச்சு. என் ஃப்ரெண்ட் ஒருத்தன், 'பார்த்தியா, ஜிம்முக்குப் போனா இதான் கதி'ன்னு சொல்லி, கட்டின ஃபீஸையே மறந்துட்டான். அதுவரைக்கும் அவன் ஜிம்முக்குப் போனது நாலே நாள்!

இந்த மாதிரி பயத்துக்கு ஆயுசு கம்மி. முதல் நாள் ராபின்சன் பூங்காவுல வாக்கிங். ரெண்டாம் நாள் வாக்கிங் முடிச்சு ரெண்டு போண்டா. மூணாம் நாள் போண்டா மட்டும்.

ஆனா, ஒரே ஒரு மரணம் மட்டும் எங்க தெருவை அப்படி விடலை. பாடகர் கே.கே. 'கில்லி' படத்துல கல்ச்சுரல்ஸ்னு ஒண்ணு நடந்த அத்தனை காலேஜையும் ஆட வெச்ச பாட்டுக்குக் குரல் கொடுத்தவர். 2022 மே 31-ம் தேதி, கொல்கத்தா நஸ்ருல் மஞ்ச் அரங்கத்துல ஒரு காலேஜ் விழாவுக்குப் பாடினார். கூட்டம் நெரியுது, உள்ளே புழுக்கம். வேர்வையைத் துடைச்சுத் துடைச்சுப் பாடின வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஹோட்டலுக்குத் திரும்பினவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. 53 வயசு. இதயத்துல அடைப்பு இருந்திருக்கு. அவர் அசிடிட்டி மாத்திரை அடிக்கடி எடுத்துக்கிட்டதா அப்போ செய்தி வந்தது.

அந்த 'அசிடிட்டி மாத்திரை'யைப் படிச்சப்பதான் எங்க தெருவுல பல பேருக்கு வேற ஒருத்தர் முகம் ஞாபகம் வந்தது. கன்டெய்னர் லாரி ஓட்டுறவர். 44 வயசு. அதுக்கு முந்தின ஒரு மே மாசம், ஹார்பர் வாசல் க்யூவுல ராத்திரி பூரா காத்துக் கிடந்துட்டு, காலையில வீட்டுக்கு வந்திருக்கார். நெஞ்சை இறுக்கிப் பிடிக்குதுன்னு சொல்லியிருக்கார். 'வெறும் வயித்துல டீயா குடிச்சா வாயுதான் பிடிக்கும்'னு வீட்ல சொல்ல, அவரும் சிரிச்சுக்கிட்டே ஆமான்னிருக்கார். ஒரு சோடா. மெடிக்கல்ல கேட்டு வாங்கின கேஸ் மாத்திரை. அப்புறம் பாயில படுத்துட்டார். மத்தியானம் எழுப்பினா எழுந்திருக்கலை.

செகண்ட் இயர் லீவுல இருந்த அவர் பையன் பக்கத்துலதான் உட்கார்ந்து போன் பார்த்துக்கிட்டு இருந்தான். ரொம்ப நாள் கழிச்சு என்கிட்ட சொன்னான்: "நைனாவுக்கு வேர்த்துக் கொட்டினதைப் பார்த்தேண்ணா. சட்டையே நனைஞ்சுபோச்சு. அன்னிக்கு கரண்டு வேற இல்ல. மே மாசம், எல்லாருக்கும்தானே வேர்க்குதுன்னு நெனைச்சுட்டேன்."

என்னால பதில் சொல்ல முடியலை. எனக்கும் அப்படித்தானே தோணியிருக்கும்? 2003 மே 31-ல் 45 டிகிரியைத் தொட்ட ஊர் இது. வேர்வையைப் பார்த்து யார் பயப்படுவாங்க?

அதுக்கப்புறம் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்கிட்ட இதைக் கேட்டேன். வெயில் வேர்வைன்னா, ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து தண்ணி குடிச்சா கொஞ்ச நேரத்துல அடங்கும். இது அடங்காது. தொட்டா உடம்பு சில்லுனு இருக்கும். கூடவே நெஞ்சுல பாறாங்கல்லை வெச்ச மாதிரி அழுத்தும், இடது கை, தாடை, முதுகுன்னு வலி ஓடும், மூச்சு வாங்கும். எல்லாம் சேர்ந்து வரணும்னு கட்டாயம் இல்லை. சுகர் இருக்கிறவங்களுக்கும் பெண்களுக்கும் வலியே பெருசா தெரியாமகூட வரும். சந்தேகம்னாலே 108-ஐக் கூப்பிடணும். வாயுவா இருந்தா அதை ஈ.சி.ஜி. சொல்லட்டும், நாம சொல்ல வேண்டாம். ரத்தம் போகாத ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கிட்டே இருக்கும். 2023-ல் தமிழக அரசு ஆரம்பிச்ச 'இதயம் காப்போம்' திட்டத்துல, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் டோஸ் மாத்திரையைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதும் அதுக்காகத்தான். (அதுக்காக அந்த மாத்திரையை நீங்களே வாங்கி வீட்ல கொடுக்காதீங்க தெய்வங்களா!)

ஆள் மயங்கி விழுந்து, மூச்சும் சரியா இல்லைன்னா, நெஞ்சுக்கு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100-லேர்ந்து 120 தடவை அழுத்தணும். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும். காலேஜ்ல என்.எஸ்.எஸ்., ஒய்.ஆர்.சி. கேம்ப்ல இதைச் சொல்லிக் கொடுத்தா, ஓ.டி. கிடைக்குதேன்னு பின்னாடி பெஞ்சுல தூங்காம ஒருதடவை பொம்மை மேல அழுத்திப் பாருங்க. கை வலி உயிர் போகும். அவ்வளவு பலமா அழுத்தணும்.

சென்ட்ரலுக்கு வந்து சேர்ற வண்டிகள்ல நிறைய எங்க பேசின் பிரிட்ஜ் யார்டுக்குத்தான் வரும். கழுவுவாங்க, தண்ணி ரொப்புவாங்க, பிட் லைன்ல நிறுத்தி அடியில இறங்கி சக்கரம், பிரேக் எல்லாம் பார்ப்பாங்க. அப்புறம்தான் அடுத்த டிரிப். நம்ம வீட்ல இருபது, இருபத்தஞ்சு வருஷமா ஓடுற வண்டிக்கு இது ஒருதடவையாவது நடந்திருக்கா? பி.பி., சுகர் பார்க்க மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துல காசு கிடையாது. எங்களுக்கு மூலக்கொத்தளம் தாண்டினா ஸ்டான்லியே இருக்கு. தடைக்காலத்துல அப்பா வீட்ல இருப்பார், லீவுல நீங்களும் இருப்பீங்க. ஒரு காலை நேரம் போதும். 'எனக்கு என்னடா, இரும்பு மாதிரி இருக்கேன்'னு சொல்வார். எல்லா அப்பாவும் சொல்ற டயலாக்தான். பைக் பின்னாடி ஏத்திக்கிட்டுக் கிளம்பிடுங்க.

நம்ம செகண்ட் இயர் பையன் இப்போ வேலைக்குப் போறான். போன மாசம் அவங்க அம்மாவை இழுத்துக்கிட்டுப் போய்க் காட்டியிருக்கான். பி.பி. 160/100. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க. வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாங்களாம்: "வெயில்ல நடக்க வெச்சியே, அதான் ஏறியிருக்கு. நாளைக்கு நிழல்ல போய் இன்னொரு வாட்டி பார்ப்போம்!"