தளர்ந்த நட்டுக்கு தக்தீரைக் குற்றம் சொல்லாதீர்கள்



காலையில் பாடசாலை வாசலில் பிள்ளைகளை வீதி கடத்திவிடும் ஆசிரியர்கள் நாங்கள். மணல் டிப்பர்களின் அடியில் எழும் 'கடகட' சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது.

அந்த டிப்பர்களும் நம் ஊரவருடையவைதான். பாரம் கூட ஏற்றுவதற்கு மேலதிக ஸ்பிரிங் பட்டை போடுகிறோம். மலிவான யூ போல்ட்டால் கட்டுகிறோம். பாரத்தோடு ஓடியதும் பட்டைகள் படியும், நட்டு தளரும். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் இறுக்க வேண்டும். அதற்காகக் கராஜுக்குத் திரும்பிப் போகிறவர் எத்தனை பேர்? தளர்ந்தபடி ஓடினால் நடு போல்ட் முறியும், அச்சு விலகும், லொறி ஒரு பக்கம் இழுக்கும். அந்தப் பக்கத்தில் நம் பிள்ளை நிற்கும்.

நட்டை வெல்டிங் பண்ணினால் போதும் என்கிறார்கள். போதாது; சூட்டில் போல்ட்டின் உறுதி கெடும். நீண்டுபோன பழைய போல்ட்டைத் திரும்பப் போடுவதும் ஆபத்துத்தான். தகுதிச் சான்றிதழ் இருக்கிறதே என்கிறார்கள். அது பரிசோதித்த நாளைக்கு மட்டுந்தான் சாட்சி.

விபத்து நடந்தபின் 'தக்தீர்' என்று கைகழுவ முடியாது. வீதியில் போகும் உயிர்கள் நம்மிடமுள்ள அமானத்.

லொறி முதலாளிமாரே, சாரதித் தம்பிமாரே, இந்த வாரமே நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். அதுவரை பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களில் இந்த வீதியால் வராதீர்கள்.