குற்றவாளி சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்

'தி ட்ரூமன் ஷோ' 1998-ல் வந்த படம். பீட்டர் வியர் டைரக்ஷன், கதை வசனம் ஆண்ட்ரூ நிக்கோல். அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே ஆளைத்தான் திட்டுகிறார்கள். எட் ஹாரிஸ் நடித்த அந்த டைரக்டர் கிறிஸ்டாஃபை. அவன் அயோக்கியன்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் குற்றவாளி அவன் இல்லை என்பது என் கட்சி.

பார்க்காதவர்களுக்காகக் கதை. ட்ரூமன் (ஜிம் கேரி) பிறக்கும்போதே ஒரு கம்பெனி அவனைத் தத்தெடுத்துக்கொள்கிறது. பிரம்மாண்டமான கூரைக்கடியில் ஒரு ஊரைக் கட்டி, ஐயாயிரம் கேமராவை ஒளித்து வைத்து, அவன் வாழ்க்கையை இரவும் பகலும் உலகத்துக்கே ஒளிபரப்புகிறார்கள். மனைவி, நண்பன், அம்மா, எல்லோரும் சம்பளத்துக்கு நடிப்பவர்கள். ஏறக்குறைய முப்பது வருஷமாக, அவன் ஒருவனுக்கு மட்டும் விஷயம் தெரியாது.

நடுவில் விளம்பர இடைவேளை கிடையாது. அதனால் வாழ்க்கையே விளம்பரமாகிவிடுகிறது. புருஷன் மனசு உடைந்து, என்ன நடக்கிறது என்று கத்துகிறான். பெண்டாட்டியோ கோகோ டப்பாவைத் தூக்கிக் காட்டி அதன் பெருமையைச் சொல்கிறாள். "யாரிடம் பேசுகிறாய்?" என்று கேட்கிறான், பாவம். சிரிப்பும் வந்தது, வயிற்றையும் பிசைந்தது.

சரி, அவள் யாரிடம் பேசினாள்? நம்மிடம்தான் ஐயா. நாம் பார்க்காவிட்டால் அந்த டப்பாவுக்கு அங்கே என்ன வேலை?

பார்ப்பவர்களைப் படம் அடிக்கடி காட்டுகிறது. மதுக்கடைச் சிப்பந்திகள், குளியல் தொட்டியில் கிடக்கும் ஒரு மனிதன், கார் நிறுத்துமிடக் காவலாளிகள். ட்ரூமன் முகம் போட்ட தலையணையோடு சோபாவில் இரண்டு கிழவிகள், நம் வயதுக்காரர்கள். ஒருவரும் கெட்டவர் இல்லை. அவன் அழுதால் அழுகிறார்கள், தப்பித்தால் கைதட்டுகிறார்கள். "பெற்றுப் போட்ட நாளிலிருந்து ஒருவனைக் கூண்டில் வைத்திருக்கிறார்களே, இதை நான் பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டுக்கொள்வதில்லை. கடைசியில் அவன் கதவைத் திறந்து போனதும் ஆரவாரம் செய்த காவலாளிகள், அடுத்த நொடியே வேறு சேனலில் என்ன ஓடுகிறது என்று தேடுகிறார்கள். அவர்கள் பாசத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

"அது சினிமா. நிஜத்தில் யார் இப்படிச் செய்வார்கள்?" என்பார்கள். படம் வந்த மறு வருஷமே, 1999-ல், ஹாலந்தில் 'பிக் பிரதர்' ஆரம்பித்தது. 2017-ல் நம் தமிழ் வீட்டுக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. அதைக்கூட விட்டுவிடுகிறேன். அங்கே போகிறவர்கள் வயது வந்தவர்கள், கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்குகிறவர்கள்.

என் சண்டை கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்காக. குழந்தை எழுந்தது, குளித்தது, அடம் பிடித்தது, ஊசிக்கு அழுதது என்று எல்லாமே யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் வருகிறது. நடுவில் அம்மா ஒரு சோப்பைத் தூக்கிக் காட்டுகிறாள். அந்தக் கோகோ டப்பாவுக்கும் இந்தச் சோப்புக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள். ஒன்று இருக்கிறது. ட்ரூமனைக் கம்பெனி தத்தெடுத்தது. இங்கே பெற்றவர்களே கம்பெனி.

"குழந்தை சந்தோஷமாகத்தானே இருக்கிறது?" என்பது அடுத்த வாதம். கிறிஸ்டாஃபும் இதையேதான் சொல்கிறான். வெளி உலகம் பொல்லாதது, என் ஊரில் அவன் பத்திரமாக இருக்கிறான், நிஜமாகப் போக நினைத்தால் யார் தடுக்க முடியும் என்கிறான். அவன் நிஜமாகவே படகேறியதும் புயலைக் கிளப்பி மூழ்கடிக்கப் பார்க்கிறான்! வருமானம் வருகிறவரைதான் அந்த அன்பு.

நான் ஏதோ கிழவன் புலம்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். பிரான்ஸ் 2020-லேயே சட்டம் போட்டது. பதினாறு வயதுக்குட்பட்ட குழந்தையை வைத்து இப்படிச் சம்பாதித்தால், அதில் ஒரு பகுதியை அது மேஜராகும்வரை பூட்டி வைக்க வேண்டும். தன் வீடியோவை நீக்கு என்று குழந்தையே கேட்கலாம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்திலும் குழந்தையின் பங்கை ஒதுக்கி வைக்கச் சொல்லும் சட்டம் 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது.

சட்டம் பணத்தைத்தான் காப்பாற்றும். இரண்டு வயதில் தொட்டியில் குளித்ததை ஊரே பார்த்தது என்று பதினைந்து வயதில் தெரிய வரும்போது, அந்த மானத்தை எந்த பாங்கில் போட்டு வைப்பது?

ஆகவே தாத்தா பாட்டிகளே, மகனிடமும் மருமகளிடமும் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. "இதை வெளியில் போடாதே, எனக்கு மட்டும் அனுப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். ஊரார் குழந்தையின் அழுகை வீடியோ வந்தால், நாலு பேருக்கு அனுப்பாமல் மூடிவிடுங்கள். பார்க்க ஆள் இல்லாத கடையை எந்த கிறிஸ்டாஃபும் நடத்த மாட்டான்.