முதல் ஊசிக்கு முன் ஒரு கேள்வி

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இரைப்பைப் புற்றுநோய் வெளிப்படும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். வயிற்றெரிச்சல் என்று பல வாரம் மருந்துக் கடை மாத்திரை. பிறகு உடல் மெலிவு. கடைசியில் தில்லை நகரிலோ, புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியிலோ குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை.

முடிவு கைக்கு வந்த இரண்டு மூன்று நாளில் குடும்பம் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது. ஆபரேஷனா, ஊசி மருந்தா, சென்னையா, வேலூரா, பணத்துக்கு வழி என்ன என்றெல்லாம் பேச்சு நடக்கிறது. ஒரு கேள்வி மட்டும் எழுவதில்லை. "இந்த நோய்க்குப் புதிய மருந்து ஆய்வு எங்கேனும் நடக்கிறதா? அதில் இவரைச் சேர்க்க முடியுமா?"

இதைக் கேட்பதற்கு உரிய நேரம், முதல் ஊசி ஏறுவதற்கு முன்புதான். பல ஆய்வுகள், இந்த நோய்க்காக இதுவரை மருந்து எதுவும் பெறாதவர்களையே ஏற்கின்றன. ஒரு சுற்று மருந்து ஏறிவிட்டால் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும். முதல் மருந்து பலிக்காதவர்களுக்கென்றே நடக்கும் ஆய்வுகளும் உண்டு. ஆகையால் பிறகும் கேட்கலாம். ஆனால் ஆய்வைத் தேடுகிறோம் என்று சிகிச்சையை வாரக்கணக்கில் தள்ளிப்போடுவது ஆபத்து.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியா உள்பட 24 நாடுகளில் 594 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2010-ல் வெளிவந்தது. அவர்கள் முற்றிய நிலையில் இருந்தவர்கள். கட்டியில் ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்திருந்தவர்கள். பழைய மருந்து மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 11.1 மாதத்தைத் தாண்டினார்கள். டிராஸ்டுசுமாப் என்ற மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப் பேர் 13.8 மாதத்தைத் தாண்டினார்கள். மூன்று மாதம்கூட இல்லையே என்று தோன்றலாம். மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்ட தகப்பனிடம் கேட்டால்தான் அதன் மதிப்புத் தெரியும்.

ஆபரேஷன் செய்யக்கூடிய நிலையில் இருந்த 716 பேரை வைத்து ஜெர்மனியில் ஓர் ஆய்வு நடந்தது. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, பாதிப் பேர் உயிர் வாழ்ந்த காலம் 35 மாதத்திலிருந்து 50 மாதமாக உயர்ந்தது என்று 2019-ல் தெரியவந்தது. இன்று நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் அந்த முறை கையாளப்படுகிறது.

"எங்களைச் சோதனை எலி ஆக்குகிறார்களா?" என்ற அச்சம் ஏழைகளிடம் இருக்கிறது. அது காரணமில்லாத அச்சம் அல்ல. மருந்து ஆய்வுகள் நடந்த விதம் பற்றிய வழக்கில் 2013-ல் சுப்ரீம் கோர்ட்டே தலையிட நேர்ந்தது. அதன் பிறகு விதிகள் இறுகின. 2019-ல் வந்த புதிய விதிகளின்படி, ஆய்வை அங்கீகரிக்கும் நெறிமுறைக் குழுவில் பாதிப் பேர் அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்களாக இருக்கவேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் விளக்கி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அவரிடமே கொடுக்கவேண்டும். ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு. எந்த நாளிலும் விலகிக்கொள்ளலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக்கூடாது.

வெறும் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றுவார்கள் என்பதும் பரவலான எண்ணம். புற்றுநோய் ஆய்வுகளில் ஒரு பிரிவுக்குப் புதிய மருந்தும், மற்றப் பிரிவுக்கு அப்போது வழக்கத்தில் உள்ள நல்ல சிகிச்சையும் தருவதே பொதுவான முறை. யாருக்கு எது என்பது திருவுளச்சீட்டுப் போல முடிவாகும். டாக்டர் அதைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இந்த ஆய்வுகள் ரகசியமானவை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-ல் ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. புதிய மருந்து ஆய்வுகளை அதில் பதிவது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். எந்த நோய், எந்த ஆஸ்பத்திரி, யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள், ஆள் சேர்ப்பு நடக்கிறதா முடிந்துவிட்டதா என்ற விவரங்கள் எல்லாம் இருக்கின்றன. இன்டர்நெட்டில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் அத்தனையும் ஆங்கிலத்தில், அதுவும் டாக்டர்களுக்கே உரிய ஆங்கிலத்தில் இருக்கின்றன! காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும், ஸ்ரீரங்கம் கோபுர வாசலில் பூ விற்கிற அம்மாளுக்கும் அதனால் என்ன லாபம்?

பதிவேட்டில் பெயரைக் கண்டுபிடித்தாலும் பாதி வழிதான் தாண்டியதாகும். இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் பெரிய புற்றுநோய் நிலையங்களிலேயே நடக்கின்றன. திருச்சியிலிருந்து சென்னை சுமார் 330 கிலோமீட்டர். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போய்வரவேண்டும். கூட ஒருவர் வரவேண்டும். அவருடைய கூலியும் போகும். புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. ஆய்வு மருந்துக்குப் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் பணம் யார் கொடுப்பது, பயணச் செலவைத் தருவார்களா என்பவற்றை முதலிலேயே கேட்டுக்கொள்ளவேண்டும். போகும்போது, பரிசோதனைக்கு எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டியையும் லேபரட்டரியில் கேட்டு வாங்கிச் செல்வது நல்லது. அது இல்லாமல் போய் அலைக்கழிவதைத் தவிர்க்கலாம்.

இந்த வேலைகளை எல்லாம் நோயாளியின் தலையிலேயே சுமத்துவது நியாயமல்ல. புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. பக்கத்து ஜில்லாக்களிலிருந்தும் ஜனங்கள் அங்கே வருகிறார்கள். பதிவேட்டை வாரம் ஒரு முறை பார்த்து, ஆள் சேர்க்கும் ஆய்வுகளைத் தமிழில் எழுதி ஒட்டவும், உரிய நிலையத்துக்கு டெலிபோன் செய்து "இவரை எடுத்துக்கொள்வீர்களா?" என்று விசாரிக்கவும் அங்கே ஓர் ஊழியரை நியமிக்கவேண்டும். புதிய கட்டிடம் எதுவும் தேவையில்லை. ஒரு மேஜையும் ஒரு கம்ப்யூட்டரும் போதும். சுகாதார இலாகா மனம் வைத்தால் இதை இந்த ஆண்டிலேயே செய்யலாம்.