'வேர்ல்டு ஆஃப் ஹாரர்': பயமா, எரிச்சலா? கேமர்கள் ரெண்டுபட்டது ஏன்?

போலந்து பல் மருத்துவர் ஒருவர் எம்.எஸ். பெயின்ட்டில் வரைந்து உருவாக்கிய திகில் ஆர்.பி.ஜி. கேம் இது. 2020-ல் எர்லி ஆக்சஸ். 2023 அக்டோபரில் முழு வெளியீடு.

கதை என்ன?

1980-களின் ஜப்பான். கடலோர ஊர் ஒன்றில் ஆதிகால தெய்வம் கண்விழிக்கிறது. ஐந்து மர்மங்களைத் தீர்ப்பதற்குள் 'டூம்' அளவு 100 சதவிகிதத்தைத் தொட்டால் ஆட்டம் காலி.

என்ன சண்டை?

ஜுன்ஜி இட்டோ பாணி ஓவியங்களைக் குறை சொல்பவர்கள் குறைவு. சண்டையே அதிர்ஷ்டத்தைப் பற்றித்தான். பார்த்துப் பார்த்து விளையாடினாலும் ஒரு ரேண்டம் சம்பவம் கவுத்துடும். மனுஷன் கையில எதுவுமில்லை என்பதுதானே காஸ்மிக் ஹாரர் என்கிறது ஒரு தரப்பு. அதே சம்பவம் மூணாவது தடவை வந்தா பயம் போய் கணக்குதான் மிஞ்சுது என்கிறது இன்னொரு தரப்பு.

ரெண்டும் நியாயம்தான். தெரியாத வரைக்கும்தான் பயம். அதனால், ராத்திரிக்கு ஒரு ஆட்டம் போதும்!