சருகுத் தீக்கு இடம் கொடுங்கள்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், காய்ந்த புல்லில் பரவிய தீ 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அப்படியொரு துயரத்துக்குப் பிறகு, காட்டில் ஒரு பொறிகூட விழக் கூடாது என்று தோன்றுவது இயல்பு. ஆனால், இலையுதிர் காட்டுக்கு அது சரியான மருந்தல்ல. எரியாத சருகும் புல்லும் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகின்றன. பற்றும் நாளில் பெருந்தீயாகின்றன.

தமிழக எல்லையை ஒட்டிய பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோளகர்களுக்கு இது நெடுநாள் அனுபவம். தரையில் ஈரம் மிச்சமிருக்கும் கோடைத் தொடக்கத்திலேயே அவர்கள் சருகுக்குத் தீ வைத்தார்கள். தீ தாழ்வாக ஓடும், பெருமரங்கள் நிற்கும், மழை விழுந்ததும் புல் துளிர்க்கும். நெல்லி மரத்தை உறிஞ்சும் புல்லுருவியையும் அந்தத் தீ அடக்கி வைத்தது என்கிறார்கள் அவர்கள். 1974-இல் அந்த மலை சரணாலயமானது. தீ வைக்கும் வழக்கம் நின்றது. உண்ணிச்செடி புதராய் மண்டியது. 1997-க்கும் 2008-க்கும் இடையில் அது பரவியிருந்த இடங்கள் ஏறத்தாழ இரு மடங்காயின என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மண்டிய புதரில் இன்று தீ வைத்தால் அது மர உச்சிக்கே ஏறும். எரித்த பின்பும் உண்ணிச்செடி வேரிலிருந்து தழைக்கும். எனவே முதலில் அதை வேரோடு பிடுங்க வேண்டும், பிறகுதான் தீ.

அமெரிக்க வனத்துறை 1935-இல், எந்தக் காட்டுத்தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைக்க வேண்டும் என்று விதித்தது. 1970-களில் அதைக் கைவிட்டது. நம் நாட்டிலும் காசிரங்காவின் புல்வெளிகளை வனத்துறையே எரித்துப் பராமரிக்கிறது. தீத்தடுப்புக் கோடுகளிலும் அதுவே எரிக்கிறது. துறையின் கையில் பராமரிப்பாக இருக்கும் தீ, சோளகர் கையில் மட்டும் குற்றமாவது என்ன நியாயம்? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் 30-ஆம் பிரிவில் தடுப்பது, சரணாலயத்துக்கு ஆபத்து விளைவிக்கும் தீயைத்தான்.

எல்லாக் காட்டுக்கும் இது பொருந்தாது. அந்தமானின் பசுமைமாறா மழைக்காடு ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழையில் வளர்வது. தீக்குப் பழகாத அந்த மரங்கள் எரிந்தால் மீள்வது கடினம்.

2011-இல் சோளகர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றில் அப்படிக் கிடைத்தது அதுவே முதல் முறை. அந்த உரிமையோடு சருகுத் தீயையும் சேர்க்க வேண்டும். சிறு திட்டுகளில், வனத்துறையும் சோளகப் பெரியவர்களும் சேர்ந்து நின்று, வரும் ஜனவரியிலேயே இதைத் தொடங்கட்டும்.