கடித்த நாயை என்ன செய்வது?

காவலுக்கென வளர்த்த ரோட்வைலர், வீட்டுக்கு வந்த உறவினர் பிள்ளையைக் கடித்துவிடுகிறது. உடனே வீட்டில் இரண்டு கட்சிகள். “ஊசி போட்டுக் கொன்றுவிடுங்கள்” என்கிறது ஒன்று. “பாவம், இனிமேல் செய்யாது” என்கிறது மற்றொன்று. இரண்டுமே ஆராயாமல் சொல்லும் தீர்ப்பு என்பேன்.

இனத்தின்மேல் பழி போடுவது நமக்கு எளிது. ரோட்வைலர், டாபர்மேன் போன்ற நாய்களைப் பொது இடத்தில் வாரில் பிணைத்து, வாய்க்கவசம் அணிவித்தே நடத்த வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. அதை ஆதரிக்கிறேன்; பெரிய தாடை கடித்தால் காயம் பெரிது. ஆனால், எந்த நாய் கடிக்கும் என்பதை இனப்பெயர் சொல்லிவிடாது. 2022ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு, 18,000க்கும் அதிகமான நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டறிந்தது. 2,000க்கும் அதிகமான நாய்களின் மரபணுக்களையும் படித்தது. நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தால் விளக்க முடிந்தது.

அதற்காக இனம் ஒன்றுமே இல்லை என்றாகாது. துருக்கியின் காங்கல் நாய் குட்டியிலிருந்தே ஆட்டு மந்தையோடு வளரும். ஓநாய் வந்தால் மேய்ப்பரின் கட்டளைக்குக் காத்திருக்காது. தானே முடிவெடுத்து மறிக்கும். மேய்ச்சல் நிலத்தில் அது அருமையான குணம். தரைவீட்டு வாசலில், பந்தை எடுக்க ஓடிவரும் சிறுவனிடம் அதையே காட்டினால்?

ஆகவே முதலில் போக வேண்டிய இடம் விலங்கு மருத்துவமனை. பெரிய நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம். வலிக்கும் இடத்தைத் தொட்டால் சாதுவான நாயும் கடிக்கும். அடுத்து, காயத்தின் ஆழம். கால்நடை மருத்துவர் இயன் டன்பார் கடியை ஆறு நிலைகளாகப் பிரித்தார். தோலில் பல் படாத பாய்ச்சல் முதல் நிலை, மரணம் ஆறாவது. கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் இறங்கிய கடி நான்காம் நிலை. அந்த நாயைப் பயிற்சியாளரை மட்டும் நம்பிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வைத்திருப்பது, என் பார்வையில், பிறர் உயிரோடு விளையாடுவது.

அடித்துத் திருத்தலாம் என்பார்கள் சிலர். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009ல் வெளியிட்ட ஆய்வில், அடித்தோ உதைத்தோ கண்டித்தபோது 43 விழுக்காட்டு நாய்கள் மூர்க்கத்தையே பதிலாகக் காட்டியதாக உரிமையாளர்கள் கூறினர். உறுமலுக்கும் அடி விழுந்தால், நாய் உறுமுவதை விட்டுவிடும், அச்சத்தை விடாது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது, கடித்த கதையை மறைத்து நாயை வேறு குடும்பத்திடம் தள்ளிவிடுவது. அதைவிட, மருத்துவர் வேறு வழியில்லை என்று சொன்ன பிறகு, பழகியவர்கள் பக்கத்தில் இருக்க, வலியில்லாமல் அதன் வாழ்வை முடிப்பது நேர்மையானது. கருணைக்கொலை என்ற சொல் கசக்கத்தான் செய்யும்.

இதில் உங்களுக்கும் வேலை உண்டு. கடி நடந்த இடம், நேரம், அப்போது நாய் தின்றுகொண்டிருந்ததா, தூங்கிக்கொண்டிருந்ததா, யார் முதலில் கை நீட்டினார்கள் என்பதை அன்றே எழுதிவையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். பதறிப்போன பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் நினைவிருக்காது.